நாலு மணிக்கு வெளுத்த காகிதம்

காற்று சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, குடிக்கக் கொஞ்சம் மோர் கிடைக்குமா என்று கேட்டார் ஆபீசர்.

வள்ளிக்கண்ணு அசையவில்லை. மோர் இருந்தது, சட்டி நிறைய இருந்தது. எடுத்து ஊற்றத்தான் கை வரவில்லை.

"என்ன சொன்னீங்க சார்?"

"காத்து சுத்தமா இருக்கும்மா. நாப்பத்தி மூணு நாள் மெஷின் ஓடியிருக்கு. ஒரு நாள்கூட கெட்ட வாயு அளவு தாண்டல. தாண்டலங்கறது என்ன, இல்லவே இல்ல. நீங்கல்லாம் சந்தோஷப்பட வேண்டிய விஷயம்."

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். கூடத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்த பதினாலு வயது ராசாத்தி, ஆழக் கிணற்றில் வாளி இழுப்பதுபோல ஒவ்வொரு மூச்சையும் இழுத்துக்கொண்டிருந்தாள். அந்த இழுப்புச் சத்தம் வாசலுக்கே கேட்டது. வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த ரங்கசாமி, தன் தங்கை மகளின் தகரப் பெட்டியைக் காலால் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். முசிறியிலிருந்து காலையிலேயே வந்துவிட்டவன் அவன்.

"அப்புறம் என்ன வள்ளி? அரசாங்கமே சொல்லிப்புட்டுது. சாயங்காலம் ஆறரை பஸ்ஸுக்குப் புள்ளயக் கூட்டிட்டுக் கெளம்பறேன்."

"சும்மா இருண்ணே."

அண்ணன் வீட்டுக்குப் போவது ஒன்றும் தூரதேசம் போவதில்லை. ஆனால் அங்கே இருபது வயதில் ஒரு மகன் இருக்கிறான், ராசாத்திக்கு முறைப்பையன். அண்ணிக்காரி ஆடியிலிருந்தே ஜாடை பேசிக்கொண்டிருக்கிறாள். மூச்சு வாங்குகிறது என்று அனுப்பினால் ராசாத்தி கழுத்தில் மஞ்சள் கயிற்றோடுதான் திரும்புவாள். ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பில் பாதியில் விட்ட புத்தகங்கள் அலமாரியிலேயே மக்கிப்போகும். கம்பெனிப் புகையை அடக்கினால் பெண் வீட்டில் இருப்பாள், ஆனியில் மறுபடி பள்ளிக்கூடம் போவாள். அடக்காவிட்டால் முசிறி. இந்த இரண்டில் எது என்று சொல்லத்தான் அந்த மெஷின் வந்திருந்தது. இப்போது சொல்லிவிட்டது.

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, கொள்ளிடக் கரையை ஒட்டி இருக்கிறது நாணல்மேடு. வாழையும் செவ்வந்தியும் மருக்கொழுந்தும்தான் ஊருக்குப் பிழைப்பு. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆற்றுக்கு அக்கரையில் ஆசிட் கம்பெனி வந்தது. கந்தகத்தை எரித்து ஆசிட் எடுக்கிறார்கள் என்று சொன்னார்கள். மேல்காற்று அடிக்கிற மாதங்களில் ஊருக்கு ஒன்றும் தெரியாது. ஐப்பசியில் வாடை திரும்பினால் போச்சு. சாயங்காலம் நாலு மணிக்குக் கம்பெனிச் சங்கு ஊதும், ஷிப்டு மாறும். எதைத் திறப்பார்களோ, கால் மணி நேரத்தில் நெடி ஆற்றைத் தாண்டி வந்துவிடும். தீக்குச்சி உரசின நெடி. ஒரு குச்சி இல்லை, ஒரு வண்டிக் குச்சி. கண் எரியும், தொண்டை அறுக்கும். செவ்வந்தி இலை மறுநாள் காலையில் பொட்டுப் பொட்டாக வெளுத்துக் கிடக்கும்.

சங்கு ஊதினால் ஊரே துணியை நனைக்கும். தொட்டிலுக்கு ஒன்று, சன்னல் கம்பிக்கு ஒன்று, சோற்றுப் பானைக்கு ஒன்று. இளங்கன்று இருந்தால் அதன் மூஞ்சிக்கும் ஒன்று. ஈரத்துணி நெடியைக் குடித்துவிடும் என்று யாரும் அவர்களுக்குப் பாடம் நடத்தவில்லை. முதல் வருஷக் கண் எரிச்சலிலேயே கை தானாகக் கற்றுக்கொண்டது. இப்போது சங்குச் சத்தம் காதில் விழுவதற்கும் கை துணியைத் தேடுவதற்கும் நடுவில் யோசனை என்று ஒன்று கிடையாது.

மூன்று மனு போட்டார்கள். மூன்றாவது மனுவுக்குப் பிறகு, கார்த்திகை முதல் தேதி, காற்றுப் பரிசோதனை ஆபீசிலிருந்து வேனில் ஒரு பெட்டி வந்து இறங்கியது. அரை பீரோ உயரம். முகத்தில் கண்ணாடிக் கதவு. பம்புசெட்டுக்காக இழுத்த கரண்டு அந்தத் தெருவில் வள்ளிக்கண்ணு வீட்டுக்குத்தான் இருந்தது. அதனால் ராசாத்தி படுக்கிற அறையிலேயே அதை நிறுத்தினார்கள். சன்னல் கம்பிக்கு நடுவில் கண்ணாடிக் குழாய் ஒன்று ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் கவிழ்த்த புனல். உள்ளே ஒரு சின்ன மோட்டார் ராப்பகலாக உறுமும். குழாய் வழியாக வந்த காற்று ஒரு கண்ணாடிக் குடுவைத் தண்ணீரில் மொளுக் மொளுக்கென்று கொப்புளிக்கும். பக்கத்தில் ஒரு பேனா முள், தானாக நகர்கிற காகிதச் சுருளில் ஊதா மையால் கோடு போட்டுக்கொண்டே இருக்கும். இன்னொரு மூலையில் வெள்ளைக் காகித நாடா ஒன்று. ஒரு மணிக்கு ஒரு தடவை டக்கென்று நகர்ந்து, காற்றில் இருந்த தூசியைக் காலணா அளவுக்கு வட்டமாகப் படியவைத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போகும். ஆள் வேண்டாம், தானே எழுதும், பொய் சொல்லாது என்று ஊர் பேசிக்கொண்டது. 'காத்துப் பொட்டி' என்று பெயர் வைத்தார்கள்.

அன்றைக்கு வந்த இரண்டு ஆபீசர்களும் தங்களுக்குள் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். வள்ளிக்கண்ணுவிடம் தமிழில் சொன்னது இவ்வளவுதான்: காலையில் இந்தப் பாட்டில் தண்ணீரைக் கோடு வரைக்கும் ஊற்றணும், சுருள் தீர்ந்தால் மாட்டணும், வேறு எதையும் தொடக் கூடாது. "ரொம்ப நுணுக்கமான கருவிம்மா. தூசி தும்பு படாம, கெட்டுப்போகாம, கண்ணு மாதிரி பாத்துக்குங்க."

கண் மாதிரித்தான் பார்த்துக்கொண்டாள். பூனையை அந்த அறைக்குள் விடவில்லை. மழைக்குப் புனல் மேல் ஓலைத் தடுக்கு கட்டினாள். காலையும் மாலையும் துடைத்தாள். வீட்டில் எதற்கெல்லாம் என்னென்ன செய்வாளோ, அதற்கும் அதையெல்லாம் செய்தாள். தன் பெண்ணின் உயிர் அந்தப் பெட்டி எழுதப்போகிற கோட்டில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

அந்த இரண்டு ஆபீசர்களில் இளையவர்தான் இப்போது மோர் கேட்டவர். பெயர் சவரிநாதன், தென்னூரில் வீடு. வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. மெஷினை ஏற்றிப் போக வேனோடு வந்திருந்தார். டிரைவர் அப்துல் சுக்கூர் நிலைப்படியில் சாய்ந்து, எப்போது தூக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கார்த்திகை தீபத்தன்னிக்கு எம் பொண்ணு நெனவு தப்பி விழுந்தா," என்றாள் வள்ளிக்கண்ணு. "நாலே முக்கால் மணி. தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அன்னிக்கு உங்க பொட்டி என்ன எழுதியிருக்கு? அதக் காட்டுங்க."

சவரிநாதன் அலுப்போடு, கொண்டுவந்திருந்த சுருள்களில் ஒன்றைப் பிரித்து மேசை மேல் விரித்தார். ராசாத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். தினமும் அந்தச் சுருளில் தேதி போட்டவள் அவள்தான்.

"இதாம்மா. நாலு மணி, அஞ்சு மணி, ஆறு மணி," என்று விரலை ஓட்டிக் காட்டினார் அவர். "கோடு தரையோட தரையா போகுது. ஒண்ணுமில்ல."

"அப்ப எம் பொண்ணு எதுக்கு விழுந்தா?"

"இளைப்புங்கறது பனிக்கும் வரும், தூசிக்கும் வரும். குடும்பத்துல யாருக்காவது இருந்தாலும் வரும்."

"ஊர்ப் பூவெல்லாம் எதுக்குக் கருகுது? செவ்வந்திக்கும் பரம்பரையா இளைப்பா?"

சுக்கூர் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். சவரிநாதனின் முகம் சிவந்தது.

"பாருங்கம்மா, கோவப்பட்டு ஆகறது ஒண்ணுமில்ல. நான் சொல்லல, மெஷின் சொல்லுது. மெஷினுக்கு உங்க பேர்ல கோவமா, கம்பெனி பேர்ல பாசமா? ரிப்போர்ட் டைப் அடிச்சாச்சு. திங்கக்கிழமை மேல போயிடும். இந்த மெஷின் நாளைக்கு சேலம் போவணும்."

"கம்பெனிக்காரன் இதுல ஏதோ கை வச்சிருக்கான்."

"எப்படிம்மா வைப்பான்? மெஷின் உங்க வீட்டுல, உங்க கண்ணு முன்னாடி."

பதில் இல்லாத கோபம்தான் இருப்பதிலேயே கெட்டது. நெஞ்சிலேயே நின்று சுடும். இதே அறையில் இதே காற்றை இழுத்து இவள் பெண் விழுகிறாள். இதே காற்றை இழுத்து இந்தப் பெட்டி ஒன்றுமில்லை என்கிறது. இரண்டில் ஒன்று பொய். பெட்டியை அப்படியே தூக்கிக் கொள்ளிடத்தில் போட்டால் என்ன என்று தோன்றியது.

"அம்மா," என்றாள் ராசாத்தி. அவள் சுருள்களோடு இருந்த காகித நாடாவைக் கையில் எடுத்து விளக்குப் பக்கமாகப் பிடித்திருந்தாள். பேச்சுக்கு நடுவில் மூச்சு விட்டு விட்டு வந்தது. "இதுல... காலையில வட்டம் பழுப்பா இருக்கு. அடுப்புப் புகை. மத்தியானம் கொஞ்சம் பழுப்பு. நாலு மணி வட்டம் மட்டும் வெள்ளையா இருக்கு. தினமும் நாலு மணி வெள்ளை. சார், எதுக்கு?"

"அந்த நேரத்துல காத்து இன்னும் சுத்தமா இருந்திருக்கும்," என்றார் சவரிநாதன்.

அப்போதுதான் ஆற்றுக்கு அக்கரையில் சங்கு ஊதியது.

பேச்சு நிற்கவில்லை. "என்ன சார் சுத்தம், தோ இப்ப வரும் பாருங்க உங்க சுத்தம்," என்று சொல்லிக்கொண்டே வள்ளிக்கண்ணு அண்டாவில் மூன்று துண்டுகளை அமுக்கினாள். ஒன்றைப் பிழிந்து மகள் முகத்தில் வைத்தாள். ஒன்றைச் சோற்றுப் பானை மேல் போட்டாள். "நாலு மணிக்கு ஒரு நாள் வந்து நின்னுருப்பீங்களா? ஏசு சாமி மேல சத்தியமா சொல்லுங்க," என்று கேட்டுக்கொண்டே மூன்றாவது துண்டை நன்றாகப் பிழிந்து எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். சன்னல் வழியாகக் கையை நீட்டி, கண்ணாடிப் புனலின் வாயை அதனால் இரண்டு சுற்றுச் சுற்றி, வாழை நாரால் கட்டினாள். முடிச்சைக்கூட இறுக்கிச் சரிபார்த்தாள்.

திரும்பியபோது ஆபீசர் அறை வாசலில் நின்றிருந்தார். வாய் திறந்தபடி இருந்தது.

"என்னம்மா பண்றீங்க?"

"மூடறேன். நெடி வருதுல்ல."

"அத எதுக்கு மூடறீங்க?"

"அதான் சொன்னீங்களே, கெட்டுப்போகாம பாத்துக்கன்னு. இரும்பே இந்த நெடியில பொரிஞ்சு போவுது. பம்புசெட்டப் போய்ப் பாருங்க. இது கண்ணாடி, ஊசி, நுணுக்கம். சங்கு ஊதின ஒரு நாள் விடாம மூடி, நெடி அடங்கினதும் அவுத்திருக்கேன்."

"எத்தன நாளா?"

"பொட்டி வந்த அன்னியிலேருந்து."

சுக்கூர் சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "சாரே, மூக்கக் கட்டிப்புட்டு மோப்பம் புடிக்கச் சொல்லியிருக்கோம்," என்றார். சவரிநாதனின் உதடும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

வள்ளிக்கண்ணுவுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. மூக்கு. அது மூக்கு. நெடியை மோந்து பார்க்கத்தான் வந்தது. இந்த நாற்பத்து மூன்று நாளில் சங்கு ஊதின சாயங்காலம் அத்தனையும், மகளைப் பொத்தின அதே கையால் அதையும் பொத்தியிருக்கிறாள். கார்த்திகை தீபத்தன்று, பெண் கீழே விழுவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால்கூட முடிச்சுச் சரியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாளே. தன் பெண்ணின் சாட்சியைத் தானே வாயடைத்தாள்.

அழுகை வரும் என்றுதான் ரங்கசாமி வாசலிலிருந்து எழுந்து வந்தான். வரவில்லை.

"சிரிப்பு வருதா சார்?"

சவரிநாதன் சட்டென்று முகத்தைச் சரி செய்துகொண்டார். "இல்லம்மா. ஆனா இப்படி ஒரு தப்பு..."

"யாரு தப்பு? தூசி படக்கூடாதுன்னு சொன்னது யாரு? கெடாம பாத்துக்கன்னு சொன்னது யாரு? இது மூக்கும்மா, இத மூடாதீங்கன்னு ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த தமிழ்ல சொன்னீங்களா? மணிக்கணக்கா இங்கிலீஷ்ல பேசினீங்க ரெண்டு பேரும். நான் இங்கதான் நின்னேன். தண்ணி ஊத்தத் தெரிஞ்ச கைக்கு, எதுக்கு ஊத்தறோம்னு தெரிஞ்சா புரியாதா?"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம்."

"என்கிட்ட கேட்டீங்களா?"

புனலிலிருந்து துணியைப் பிடுங்கி எறிந்தாள். வாழை நார் அறுந்து கையில் வந்தது. அதற்குள் நெடி ஆற்றைத் தாண்டிவிட்டது. முதலில் மூக்கு நுனியில் குத்தியது, பிறகு தொண்டையில் இறங்கியது. சவரிநாதன் இருமினார். கண்ணைத் துடைத்தார். மறுபடி இருமிக்கொண்டே கூடத்துக் கதவை மூடப் போனார். வள்ளிக்கண்ணு குறுக்கே வந்து நின்றாள்.

"மூடாதீங்க. சுத்தமான காத்துதானே."

"அம்மா, தயவு பண்ணி..."

"நில்லுங்க சார். ரிப்போர்ட்டுல எழுதியிருக்கீங்கல்ல. நின்னு மோந்து பாருங்க."

குடுவையில் தண்ணீர் மொளுக் மொளுக்கென்றது. பேனா முள் வழக்கம்போலத் தரையோடு போய்க்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். முள் லேசாக நடுங்கியது. பிறகு ஏறத் தொடங்கியது. ராசாத்தி முகத்தில் துண்டைப் பிடித்தபடி அதையே பார்த்தாள். பாதிக் காகிதம் தாண்டியது, முக்கால் தாண்டியது. கடைசியில் மேலே போக இடமில்லாமல் காகித ஓரத்திலேயே டிக் டிக்கென்று தட்டிக்கொண்டு நின்றது.

சவரிநாதனுக்குச் சிரிப்பு எங்கே போயிற்றோ தெரியவில்லை. "இவ்வளவா," என்றார், தனக்குத்தானே.

"எழுதுங்க," என்றாள் வள்ளிக்கண்ணு.

"ஒரு நாள் கணக்கு செல்லாதும்மா. குறைஞ்சது ஆறு வாரம் வேணும்."

"அப்ப ஆறு வாரம் இருக்கட்டும்."

"நாளைக்கு சேலம் போவணும்னு உத்தரவு. பழைய ரிப்போர்ட்ட வாபஸ் வாங்கணும்னா ஏன் எதுக்குன்னு கேப்பாங்க. பாத்துக்கறவங்க மூடி வச்சிருந்தாங்கன்னு எழுதினா, நீ என்னய்யா பண்ணினேன்னு என்னைக் கேப்பாங்க. என் வேலைக்கே உலையாயிடும்."

"எம் பொண்ணு மூச்சுக்கு உலையாயிருக்கு. உங்களுக்கு வேல."

அவர் சுருள்களைச் சுற்ற ஆரம்பித்தார். அவர் முகத்தைப் பார்த்தால் இரக்கமில்லாதவர் என்று சொல்ல முடியாது. இரக்கப்பட்டுக்கொண்டே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிற ஆள். அந்த மாதிரி ஆட்கள்மேல்தான் வள்ளிக்கண்ணுவுக்குக் கோபம் அதிகமாக வந்தது.

ராசாத்தி மேசை மேல் இருந்த அட்டை போட்ட நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அது மெஷினோடு வந்த பார்வையிடும் புத்தகம். வாரம் ஒரு தடவை ஆபீசர் வந்து, கருவி எப்படி ஓடுகிறது என்று நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய புத்தகம்.

"அம்மா, இதுல ஆறு கையெழுத்து இருக்கு," என்றாள். குரல் துண்டுக்குள்ளிருந்து வந்தது. "சார் ரெண்டு தடவதான் வந்தாங்க. ரெண்டு தடவையும் காலையில பத்து மணிக்கு. மத்த நாலும் இன்னிக்குப் போட்டது. மை இன்னும் புதுசா இருக்கு. எல்லாத்துலயும் 'கருவி நன்றாக இயங்குகிறது'ன்னு இங்கிலீஷ்ல எழுதியிருக்கு."

யாரிடமும் நிமிர்ந்து பேசாத பெண். அவள் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு ரங்கசாமியே திரும்பிப் பார்த்தான். சவரிநாதன் கை நீட்டினார். "அதக் குடு பாப்பா."

வள்ளிக்கண்ணு அதை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அம்மா, அது ஆபீஸ் புத்தகம்."

"கண்ணு மாதிரிப் பாத்துக்கறேன்."

சுக்கூர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "சாரே, எழுதிக் குடுத்துடுங்க," என்றார் மெதுவாக. "நாலு வாரம் சுருளெடுக்க என்னைத்தான் அனுப்பினீங்க. நானும் காலையிலதான் வந்தேன். நாலு மணிக்கு வந்திருந்தா நானே சொல்லியிருப்பேன்."

"நீ சும்மா இருய்யா."

"இன்னொண்ணு கேளுங்க," என்றாள் வள்ளிக்கண்ணு. நாடாவை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். "நாலு மணிக்குக் காத்து சுத்தமா இருந்திருக்கும்னு சொன்னீங்களே. நான் எப்ப துணி கட்டினேனோ அப்பல்லாம் வெள்ள. நெடி வராம நான் துணி கட்ட மாட்டேன். அப்ப நெடி வந்த நாள் அத்தனையும், வந்த நேரம் அத்தனையும் இதுல இருக்கு. படிச்ச மனுசன், தெனம் ஒரே நேரத்துல எதுக்கு வெளுக்குதுன்னு ஒரு தடவ யோசிச்சிருந்தா வேன எடுத்துட்டு ஓடி வந்திருப்பீங்க. எம் பொண்ணு இப்பதான் மொத மொறையா இத ஒண்ணா சேத்துப் பாத்தா. பாத்த ஒடனே கேட்டா."

சவரிநாதன் நாடாவை வாங்கினார். முதலில் நின்றுகொண்டு பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, நாள் நாளாக விரலை வைத்துப் பார்த்தார். பொங்கிப் பொங்கி இருமல் வந்தது. இருமிக்கொண்டே பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நாலு மணி வட்டம் பழுப்பாக இருந்தது. கம்பெனிக்கு அன்று விடுமுறை.

"எவ்வளவுன்னு இதுல தெரியாது," என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "எப்பன்னு தெரியுது. அதுவே பெரிசு."

பையிலிருந்து பேனாவை எடுத்தார். தமிழிலேயே எழுதும்படி வள்ளிக்கண்ணு சொன்னாள். எழுதி முடித்ததும் ராசாத்தி படித்துக் காட்டினாள். கருவியின் உறிஞ்சு வாய் ஞாயிறு தவிர தினமும் மாலையில் ஈரத்துணியால் மூடப்பட்டிருந்தது. மூடக் கூடாது என்று பராமரிப்பவருக்கு ஆபீசிலிருந்து சொல்லப்படவில்லை. நேரில் பார்வையிடுதல் இரண்டு முறைதான் நடந்தது. ஆகவே பழைய அறிக்கை செல்லாது, மேலும் ஆறு வாரம் அளக்க வேண்டும். இரண்டாவது வரியை எழுத அவர் தயங்கினார். மூன்றாவது வரியில் பேனா நின்றே விட்டது. வள்ளிக்கண்ணு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அது மறுபடி நகரும்வரை நின்றாள்.

"சேலத்துக்கு நான் ஏதாவது சொல்லிக்கறேன்," என்று எழுந்தார். "ஆனா ஒண்ணும்மா. இனிமே இந்த அறையில ஈரத்துணியே இருக்கக் கூடாது. சன்னல்லயும் கூடாது. துணி வாயுவ இழுத்துக்கும், கணக்கு குறைஞ்சுடும். குழாய் இருக்கறதால சன்னலையும் சாத்த முடியாது. தை முடியற வரைக்கும் தெறந்தே இருக்கணும்."

அவர் சொல்லி முடித்த பிறகுதான் அதன் அர்த்தம் அந்த வீட்டில் இருந்தவர்களுக்கு ஒவ்வொருவராக எட்டியது. வீட்டில் இரண்டே இடம். அந்த அறையும் இந்தக் கூடமும். நடுவில் கதவுகூடக் கிடையாது.

ராசாத்தி அம்மாவைப் பார்த்தாள். வள்ளிக்கண்ணு மகளைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தாள். முள் இன்னும் காகித ஓரத்தில் நின்று தட்டிக்கொண்டிருந்தது.

"ஆறரை பஸ்ஸா அண்ணே?" என்றாள்.

"ஆமா புள்ள."

"கூட்டிட்டுப் போ."

"அம்மா, நான் துண்ட மூஞ்சியில வச்சிக்கிட்டே இருந்துக்கறேன்."

"நெடி தெறந்த வீட்டுல வரும்டி. தினமும் வரும். அது வரணும். வந்து இது எழுதணும். நீ இங்க இருந்தா நான் மறுபடியும் அதக் கட்டிப்புடுவேன். எனக்கு என்னையத் தெரியும்."

சவரிநாதன் வேன் பக்கமாக இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். ரோடு வரைக்கும் வேனில் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லத்தான் வள்ளிக்கண்ணுவுக்கு வாய் வந்தது. பெண்ணின் மூச்சைக் கேட்டாள். தகரப் பெட்டியைத் தூக்கி வேனில் வைத்தாள்.

ரோட்டில் பஸ் நின்றபோது அண்ணனின் துண்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"மாசி மொத தேதி நானே வந்து இவளக் கூட்டிட்டு வருவேன். அதுக்குள்ள அண்ணி மஞ்சக் கயிறு, பரிசம்னு வாயத் தொறந்தா, அண்ணன் தங்கச்சிங்கறது அன்னியோட சரி. சொல்லிட்டேன்."

"என்ன புள்ள, என்னையப் போயி..."

"உன்னையில்ல. உன்கிட்ட சொல்றேன், அங்க போயிச் சொல்லு. இவ ஒம்பதாவது புத்தகம் அத்தனையும் பெட்டியில இருக்கு. தெனம் படிக்கணும்."

ராசாத்தி சன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பும்போது ஏதோ சொன்னாள். இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. வள்ளிக்கண்ணு கை காட்டவும் இல்லை.

வேன் எப்போதோ போய்விட்டது. போகும் முன் சவரிநாதன், வாரா வாரம் தவறாமல் வருவேன் என்றார். "காலையில வேணாம், சாயங்காலம் நாலு மணிக்கு வாங்க," என்று மட்டும் அவள் சொன்னாள். பார்வையிடும் புத்தகத்தை அவர் திரும்பக் கேட்கவில்லை. அவளும் கொடுக்கவில்லை.

கரை வழியாக நடந்தபோது எதிரே புருஷன் வீரமலை காலிப் பூக்கூடைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான். ஸ்ரீரங்கத்தில் ஏகாதசிக் கூட்டம், பூவெல்லாம் விற்றிருக்கும். தினமும் மூன்று மணிக்குக் கிளம்பி நெடி அடங்கின பிறகுதான் வீடு திரும்புகிற மனுஷன். கூட்டம் இல்லாத நாளிலும் அப்படித்தான்.

"ஆபீசரு வந்தாராமே. என்ன சொன்னாரு?"

"பொட்டி இருக்கு. பொண்ணு போயிட்டா."

வீரமலை சைக்கிளை நிறுத்தினான். "முசிறிக்கா? அப்ப கல்யாணத்துக்கு..."

"கல்யாணமுமில்ல, கருமாதியுமில்ல. மாசியில வந்துருவா. வந்து பள்ளிக்கூடம் போவா."

அவன் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தான். அவள் அவனைத் தாண்டி நான்கு எட்டு நடந்துவிட்டுத் திரும்பினாள்.

"நாளைக்கு நாலு மணிக்கு நீங்களும் வீட்ல இருங்க. ஒரு நாளாவது இருந்து பாருங்க."

சொல்லிவிட்டு அவன் வருகிறானா என்று பார்க்காமல் நடந்தாள்.